நாற்பத்தொரு கடைசி ஓவர்கள்

ஷார்ஜா ரோலாவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடித்துப் போட்டுக்கொண்டிருந்தவன் மீராசா. அதிராம்பட்டினத்துக்காரன். இருபத்தாறு வயதில், கல்யாணமான ஆறாம் மாதம் விமானம் ஏறியவன். 2001 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பதினோரு மணிக்குக் கிட்டத்தில், அவன் தலையெழுத்து மாறியது. அவனே மாற்றினான் என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். நடந்தது என்னவோ, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மட்டையைச் சுற்றினான், அவ்வளவுதான்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு மணல்வெளி. வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து ஜும்ஆ பாங்கு சொல்லும்வரை அங்கே கிரிக்கெட் நடக்கும். நடுவில் ஒரு சிமென்ட் பட்டை, அதன்மேல் கிழிந்த விரிப்பு. டென்னிஸ் பந்தில் எலெக்ட்ரிக் டேப்பை இறுக்கிச் சுற்றிப் பந்தாக்கியிருப்பார்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் அணி உண்டு. ஆள் குறைந்தால் வெளியாளையும் சேர்த்துக்கொள்வார்கள். அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் ஒரு கம்பெனிக்கு அன்றைக்கு ஓர் ஆள் குறைந்தது. வேடிக்கை பார்க்க வந்த மீராசாவைக் கூப்பிட்டுக் கடைசியில் இறக்கினார்கள். கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும். பந்து மட்டையின் மேல்விளிம்பில் பட்டு, கீப்பர் தலைக்கு மேலே எகிறி, கோட்டைத் தாண்டி, நிறுத்தியிருந்த ஒரு பிக்கப் வண்டியின் மேல் டம்மென்று விழுந்தது. ஆறு ரன்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் காக்கையிடம் போய் யார் கேட்கப்போகிறார்கள்? தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். கம்பெனி மேனேஜர் முகம்மது சித்தீக், வாணியம்பாடிக்காரர், கிரிக்கெட் என்றால் சோறு தண்ணி வேண்டாதவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எங்க வேலை செய்றே?"

"ரோலால, ஒரு ஜவுளிக்கடையில பாய்."

"விட்டுட்டு வா. ஸ்டோர் கீப்பர்னு விசா அடிச்சுத் தரேன். வெள்ளிக்கிழமை நீ எனக்கு வேணும்."

அப்படி வந்ததுதான் அந்த வேலை. அந்த வேலைக்கு எழுதியிருந்த சம்பளத்தால்தான் குடும்ப விசாவும் கிடைத்தது. 2004ல் மனைவி ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் மகள் இன்ஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். அந்தப் பிள்ளையை மீராசா முதல்முதலாகப் பார்த்ததே அதற்கு ஒன்றரை வயதானபோது, லீவில் போயிருந்த சமயத்தில்தான். அப்போது அவனைக் கண்டு வீறிட்டு அழுதது. இப்போது ரோலாவில் ஒற்றை அறையும் பொதுச் சமையலறையுமாக ஒரு ஷேரிங் வீடு. அதில் மூன்று பேர். அவனுடைய வாப்பாவும் மாமாக்களும் முப்பது வருடம் வெளிநாட்டில் கிடந்தும் காணாத வாழ்க்கை அது. காலையில் பிள்ளைக்குச் சடை பின்னுவதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடிக்கலாம்.

'லாஸ்ட் ஓவர் மீராசா' என்ற பெயர் கம்பெனியைவிட்டு வெளியேயும் பரவியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? துறைமுகத்தில் சரக்கு மாட்டிக்கொண்டால் "மீராசா போகட்டும்" என்பார் சித்தீக். போவான். சில சமயம் வெளியே வரும், சில சமயம் வராது. வந்தால் "பார்த்தியா, லாஸ்ட் ஓவர்" என்று ஒரு மாதம் பேசுவார்கள். வராவிட்டால் அதிகாரி சரியில்லை என்பார்கள். வீட்டிலும் இதே பாட்டுதான். பள்ளிக்கூடப் பாரத்தைக் கடைசி நாள்வரை எழுதாமல் வைத்திருப்பான். "என்ன மச்சான், இதையும் லாஸ்ட் ஓவருக்கு விட்டாச்சா?" என்று ஜன்னத் கேட்பாள். அவன் சிரிப்பான். பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும்.

நாளடைவில் அவனே நம்பிவிட்டான். கண்ணை மூடியது மறந்துபோயிற்று. நெருக்கடி வந்தால் தன் கை தானாகவே வேறு கையாகிவிடுகிறது என்று உண்மையாகவே நினைத்தான். அதனால் ஆட்டத்தைக் கடைசிவரை இழுக்கத் தொடங்கினான். முன்னாலேயே முடிக்கக்கூடிய ஆட்டத்தையும் தட்டித் தட்டி வைத்து, கடைசியான இருபதாவது ஓவரில்தான் அடிப்பான். ஜனங்களும் அந்த ஓவர் நேரம் பார்த்துத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பதினேழாவது ஓவரில் ஜெயிப்பவனுக்கு யார் கை தட்டுகிறார்கள்?

ஒரே ஒருவர் மட்டும் கை தட்டுவதில்லை. அதே கம்பெனியில் தரம் பார்க்கும் எஞ்ஜினியர் சேதுராமன். கும்பகோணத்துக்காரர், ஐம்பது கடந்தவர். மடக்கு நாற்காலி, குடை, பெரிய நோட்டுப் புத்தகம் என்று உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் குறிப்பார். அவர் முன்பு சவுதியில் அல் கோபாரில் வேலை பார்த்தபோது அவருடைய மேலதிகாரி ஓர் அமெரிக்கர், பேஸ்பால் பித்தர். அமெரிக்காவிலும் இதே பேச்சாம். ஆட்டம் தொங்கலில் நிற்கும்போது அடிப்பதற்கென்றே பிறந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஒரு கட்சி. அதெல்லாம் ஒன்றுமில்லை, போன வருடம் அப்படி அடித்தவன் இந்த வருடம் அடிப்பதில்லை, நல்ல ஆட்டக்காரன் எப்போதும் நல்லவன்தான் என்று இன்னொரு கட்சி. வருடக்கணக்காகக் கணக்குப் போட்டும் வழக்கு தீரவில்லை என்று அந்த அமெரிக்கர் அலுத்துக்கொள்வாராம். பந்துக்குப் பந்து குறிக்கும் பழக்கம் சேதுராமனுக்கு அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

2005ல் ஒருநாள் சேதுராமன் நோட்டுகளை விரித்துவைத்து, மீராசாவின் கடைசி ஓவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மூடிவைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஒருவனுக்கு வந்த நல்ல பெயரை நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று நினைத்தார். நல்ல மனதுதான். அந்த நல்ல மனதை என்னவென்று சொல்வது.

2008 கடைசியில் துபாயில் கட்டடங்கள் பாதியில் நின்றன. கதவும் ஜன்னலும் யாருக்கு வேண்டும்? அர்பாப் என்று எல்லோரும் அழைக்கும் அரபி முதலாளியின் உத்தரவில், கம்பெனியில் ஆட்குறைப்புப் பட்டியல் தயாரானது. கிரிக்கெட்டுக்காக எடுத்த ஆட்களின் பெயரெல்லாம் அதில் முதல் பக்கத்திலேயே இருந்தது. 2009 ஏப்ரலில் சித்தீக் மீராசாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். கிரிக்கெட் ஆளுங்க எதுக்குன்னு அர்பாப் கேக்குறார். வர்ற வெள்ளிக்கிழமை ஃபைனல். எதிர்ல நம்ம போட்டிக் கம்பெனி. அவங்கள ஜெயிச்சுக் கப்பைக் கையில வச்சுட்டுப் பேசினா, அந்த மனுஷன் கேப்பார். தோத்தா எனக்குப் பேச வாய் இல்ல. கலாஸ், எல்லாம் முடிஞ்சது."

"அர்பாப் மேட்ச் பாக்க வருவாரா பாய்?"

"கூட்டிட்டு வரேன். அவருக்கு ஆட்டம் தெரியாது. கடைசியில வந்து எட்டிப் பாப்பார், அவ்வளவுதான்."

அந்தக் கடைசி வார்த்தை மீராசாவின் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து ஜன்னத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சட்டியை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினாள்.

"விசா போனா?"

"முப்பது நாள்ல காலி பண்ணணும்."

"அப்புறம் வேற வேலை?"

"கிடைக்கும். கேம்ப்ல ஒரு கட்டில் தருவாங்க. உங்களைக் கூட்டிக்க முடியாது."

அவள் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள். "ஜெயிச்சுட்டு வாங்க மச்சான்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை. எதிரணி நூற்று இருபத்தேழு எடுத்திருந்தது. பதினாறு ஓவர் முடிந்தபோது இவர்கள் நூற்று நான்கு. மிச்சம் இருபத்து நான்கு பந்து, இருபத்து நான்கு ரன். மீராசா நாற்பது ரன்னைத் தாண்டி நின்றான். பந்து அவனுக்குப் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்த நாள் அது. எதிர் முனையில் ஹஸ்னைன். அலுமினியம் அறுக்கும் மெஷினில் வேலை செய்யும் பையன், லக்னோக்காரன். அவன் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

ஓவர் இடைவெளியில் தண்ணீர் கொண்டுவந்தவன் ஒரு தகவலும் கொண்டுவந்தான். சித்தீக் பாய் போன் பண்ணினார், அர்பாபோடு வந்துகொண்டிருக்கிறார், அல் நஹ்தா சிக்னலில் நெரிசல், கால் மணி நேரம் ஆகும்.

மீராசா யோசித்தான். இப்போதே அடித்தால் இரண்டு ஓவரில் முடிந்துவிடும். கார் வந்து நிற்கும்போது ஆட்டம் முடிந்து ஆட்கள் விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். யார் ஜெயித்துக் கொடுத்தார்கள் என்று அந்த அரபிக்கு எப்படித் தெரியும்? கப்பைக் காட்டலாம். கப்பைப் பார்த்தால் கப்புதான் தெரியும், மீராசாவா தெரிவான்? பார்க்க வேண்டியவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். கடைசி ஓவர் அவனுடையது. எட்டு வருடமாக அவனுடையது.

பதினேழாவது ஓவரில் நான்கே ரன். ஹஸ்னைன் ஓடிவந்தான். "ஜல்தி கதம் கரோ பாய், இப்பவே முடிச்சிடலாம்."

"ருக்கோ, பொறு. நான் இருக்கேன்ல."

பதினெட்டில் ஐந்து. காலுக்குக் கீழே விழுந்த பந்துகளை, வழக்கமாகத் தூக்கி அடிப்பவற்றை, கைக்குழந்தையைத் தடவுகிற மாதிரி தடவிவிட்டான். குடைக்குக் கீழே சேதுராமன் பேனாவை நோட்டின்மேல் வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். அவர் ஆட்டத்தின் நடுவே எழுந்து யாரும் பார்த்ததில்லை. "அடிடா" என்று அவர் வாய்க்குள்ளேயே சொன்னதைப் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். மீராசா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தான்.

பத்தொன்பதில் மூன்றே ரன். பொறுக்கமாட்டாமல் ஹஸ்னைன் கண்மண் தெரியாமல் வீசி ஸ்டம்பைப் பறிகொடுத்தான். அவன் வெளியே போகும்போதுதான் வெள்ளை லேண்ட் குரூஸர் ஒன்று மணலில் குலுங்கியபடி வந்து நின்றது. சித்தீக் வெளியே வந்து நின்றார்; அர்பாப் இருந்த பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. மீராசா நிம்மதியாக மூச்சு விட்டான். ஆறு பந்து, பன்னிரண்டு ரன். எல்லாம் அவன் நினைத்தபடியே அமைந்துவிட்டதாக நினைத்தான்.

முதல் பந்து நான்கு. கூட்டம் எழுந்துவிட்டது. இரண்டாவதில் இரண்டு ரன். மூன்றாவது விரிப்பில் பட்டு எழும்பாமல் காலடியில் போனது. நான்காவதில் ஒன்று. ஐந்தாவதை, புதிதாக வந்தவன் எப்படியோ தட்டிவிட்டு ஒரு ரன் ஓடி, அடிக்கும் முறையை மீராசாவிடம் ஒப்படைத்தான். கடைசிப் பந்து. நான்கு ரன் வேண்டும்.

இந்தத் தடவை அவன் கண்ணை மூடவில்லை. பந்து கையிலிருந்து புறப்பட்டதிலிருந்து பார்த்தான். மட்டையின் நடுவயிற்றில் வாங்கினான். அந்த எட்டு வருடத்தில் அவ்வளவு சுத்தமாக அவன் ஒரு பந்தை அடித்ததில்லை. நேராக, உயரமாகப் போனது. கோட்டுக்கு இரண்டடி உள்ளே நின்றவன் ஓர் அடிகூட நகரவில்லை. கையை மேலே தூக்கினான். பந்து அதற்குள் போய் உட்கார்ந்தது.

கண்ணாடி ஏறியது. சித்தீக் வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நாலு பேர் வந்து தோளில் தட்டினார்கள். ஹஸ்னைன் மட்டும் எதிரே வந்து நின்றான். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. "க்யோ ரோகா, பாய்? ஏன் நிறுத்துனே?" என்று கேட்டான்.

வீட்டில் ஜன்னத் அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். ஆனாலும் ஐந்து வருடம் கிரிக்கெட்டோடு குடும்பம் நடத்தியவள் அல்லவா, விவரம் கேட்டாள்.

"நாலு ஓவர் இருக்கும்போது எத்தனை வேணும்?"

"இருபத்தி நாலு."

"நீங்க நின்னீங்களா?"

"நின்னேன்."

"இருபத்தி நாலு பந்துல இருபத்தி நாலா?" அவள் குரல் உயரவில்லை. "நம்ம இன்ஷாகூட அடிச்சிருவாளே மச்சான்."

ஞாயிற்றுக்கிழமை கடிதம் வந்தது. பதினோரு பேருக்கு. ஹஸ்னைனுக்கும்தான். மீராசாவுக்குத் தூக்கமும் போயிற்று, சோறும் போயிற்று. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பதினெட்டாவது ஓவரின் மூன்றாவது பந்து கண்முன் வந்து நிற்கும். காலடியில் விழுந்த பந்து. பிசைந்த சோற்றைப் பிசைந்தபடியே வைத்துவிட்டு எழுந்துவிடுவான். கத்தாரில் ராஸ் லஃபானில் ஒரு வேலை அமைந்தது. கேம்ப், ஓர் அறைக்கு ஆறு பேர். குடும்பத்துக்கு வழியே கிடையாது.

பிள்ளையும் ஜன்னத்தும் ஊருக்குக் கிளம்ப நான்கு நாள் இருந்தபோது, மீராசா சேதுராமன் வீட்டுக் கதவைத் தட்டினான். அவர் மனைவி ஜெயலட்சுமி காபி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"சார், நீங்க எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கீங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அந்தக் கை இருந்துச்சா, இல்லையா?"

"இப்ப எதுக்குப்பா அது?"

"இருந்துச்சுன்னா, அன்னைக்கு ஒருநாள் தவறிப்போச்சுன்னு மனசைத் தேத்திக்குவேன். இல்லைன்னா, நான் ஒரு மடையன், இல்லாததை நம்பிப் பொண்டாட்டி புள்ளையைத் தொலைச்சேன்னு தெரிஞ்சுக்குவேன். ரெண்டுல ஏதாவது ஒண்ணு எனக்கு வேணும் சார். ரெண்டும் இல்லாம தலை வெடிக்குது."

சேதுராமன் எட்டு நோட்டுகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாப்பத்தியோரு தடவை நீ கடைசி ஓவர்ல ஜெயிக்க வேண்டிய இடத்துல நின்னிருக்கே. இருபதுல ஜெயிச்சோம், இருபத்தியொண்ணுல தோத்தோம். மத்த ஓவர்ல நூறு பந்துக்கு நூத்தி முப்பது ரன் அடிக்கிறே. கடைசி ஓவர்ல நூத்தி இருபத்தியேழு."

"அப்ப இல்லைங்கறீங்க."

"அப்படியும் சொல்ல முடியாது. நாப்பத்தியோரு ஓவர் ரொம்பக் கொஞ்சம்ப்பா. கொஞ்சமா ஒரு திறமை இருந்திருந்தாலும் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கலாம். துளிகூட இல்லாமலும் இருக்கலாம். தெரிஞ்சுக்கணும்னா இன்னும் பல நூறு தடவை நீ அப்படி நிக்கணும். ஒரு மனுஷன் ஆயுசுக்கு அவ்வளவு கிடைக்காது. இருக்குன்னு சொன்னா பொய். இல்லைன்னு சொன்னாலும் பொய்."

மீராசா நோட்டுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இவ்வளவு எழுதியும் ஒன்றும் எழுதவில்லையே என்று இருந்தது.

"ஒண்ணு மட்டும் நிச்சயமா சொல்லுவேன்" என்றார் சேதுராமன். "நூறு பந்துக்கு நூத்தி முப்பதுங்கறது அந்த கிரவுண்டுல வேற யாருக்கும் கிடையாது. எந்த ஓவர்ல இறக்கிவிட்டாலும் நீ நல்லா ஆடுவே. பதினேழாவது ஓவர்ல நீ நீயா ஆடியிருந்தாப் போதும். அதை உன்கிட்ட யாரும் சொல்லலை."

"உங்களுக்கு எப்பத் தெரியும் சார்?"

அவர் நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "ரெண்டாயிரத்தி அஞ்சுல."

"நாலு வருஷமா."

"ஆமா."

மீராசா சண்டை போடவில்லை. அவனுக்குத் தெம்பு இல்லை. ஆடை கட்டிய காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "வரேன் சார்" என்று எழுந்தான். சேதுராமன் லிஃப்ட்வரை கூடவே வந்தார். ஏதாவது திட்டுவான், வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் மனது தவித்தது. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

விமான நிலையத்தில் பெட்டிகளை நிறுத்துப் போட்டுவிட்டு மூவரும் உள்வாசல் அருகே நின்றார்கள். அதற்கு மேல் அவன் போக முடியாது. ஜன்னத் கைப்பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகப் பார்த்தாள். பிறகு அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். ஏழு வயது இன்ஷா அழவில்லை. விவரம் தெரிந்த பெரிய மனுஷி மாதிரி அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பா, எப்ப எங்களை மறுபடி கூட்டிட்டு வருவீங்க?"

"பாக்கலாம்மா."

"உம்மா சொல்றாங்க, இனிமே முடியாதுன்னு." பிள்ளை குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்வதுபோல அவன் காதருகே வந்தது. "உம்மாவுக்குத் தெரியாது வாப்பா. லாஸ்ட் ஓவர் இன்னும் வரலைதானே?"

அவன் தலையை ஆட்டினான். பிள்ளை அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, சிரித்தபடி, கையசைத்துக்கொண்டே உள்ளே போனது.